தலையசைப்பு

ஊழியக் கடிதம் என்று ஓர் இலக்கிய வகை உண்டு. இலக்கிய வகை என்று நான் சொல்வதைக் கேட்டு நேயர்கள் சிரிக்கலாம். நாவல், சிறுகதை, நாடகம் என்று பாகுபாடு செய்கிற விமரிசகர்கள் யாரும் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனாலும் அதற்கென்று ஒரு தொடக்கம் இருக்கிறது. ஒரு முடிவு இருக்கிறது. எழுதுகிறவன் சுலபத்தில் மீற முடியாத சில சம்பிரதாயங்களும் இருக்கின்றன. அப்படி இருக்கிற எதையும் இலக்கியமாக வைத்துப் பேசுவதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம்.

சம்பிரதாயம் இதுதான். ஓர் இளைஞன் தன் ஊரில் பலரிடம் பணம் சேர்த்துக்கொண்டு அயல்நாட்டுக்குப் புறப்படுகிறான். அங்கே வெயிலும் காரமும் அவனைச் சோதிக்கின்றன. கல்லூரி வாசலில் மாணவர்களைச் சந்திக்கிறான். ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறான், பந்தாடுகிறான், பாடுகிறான், தன் ஆண்டவரைப் பற்றிச் சொல்லுகிறான். வாரக் கடைசியில் யாரோ ஒருவர் கண் கலங்கித் தலையசைக்கிறார். இளைஞன் ஊர் திரும்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி கூறி எழுதுகிறான். அமெரிக்க மாணவர் ஒருவர் தாய்லாந்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு எழுதுகிற கடிதம் இன்றைக்கும் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது.

இந்த வகையைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனி உரிமை உண்டு. இப்படிப்பட்ட ஒரு கடிதத்தில் நான் ஒரு பாத்திரம்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு ஓமலூருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரை ரயிலில் கடந்து போனவர்கள் பலர் இருப்பார்கள், இறங்கியவர்கள் குறைவு. சேலத்திலிருந்து பெங்களூர் போகும் பாதையில் மேட்டூர் அணைக்குக் கிளை பிரிகிற ஜங்ஷன். கிழக்கே சேர்வராயன் மலை. அந்த மலையில் பிறந்து ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற சரபங்கா நதி. நதி என்று மரியாதைக்குச் சொல்லுகிறேன். வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான்.

அந்தக் கோடையில் மாணவர்களுக்காக ஒரு வார முகாம் ஒன்று நடந்தது. நடத்த வந்தவர்களில் ஓர் அமெரிக்கப் பையன். இருபது வயதிருக்கும். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. எங்கள் தெரு ஆசிரியர் ஒருவர் அவனுக்கு மொழிபெயர்ப்பாளர். அவருக்கு வேண்டியவன் என்கிற முறையில் நானும் போனேன். இலவசமாக இங்கிலீஷ் பேசிப் பழகலாம் என்பதைத் தவிர வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

கடைசி நாள் மாலை அவன் என்னை ஆற்றுப் பக்கம் அழைத்துப் போய் உட்கார வைத்துக்கொண்டு, வெகு நேரம் பேசினான். முடிவில், ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவோ தூரத்திலிருந்து வந்த பையன். இரவு ரயிலுக்குப் போக வேண்டும். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை அசைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வந்த விருந்தாளியிடம் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லுகிற வழக்கம் கிடையாது. "ஆகட்டுங்க" என்போம். சரி என்பதும் அதுதான், பார்க்கலாம் என்பதும் அதுதான், நல்லபடியாகப் போய் வாருங்கள் என்பதும் அதுதான். என் தலையசைப்பு அந்த ஜாதியைச் சேர்ந்தது.

ஒரு வருஷம் கழித்து ஆசிரியர் ஓர் அச்சிட்ட தாளைக் காட்டினார். பையன் எழுதிய கடிதம். எங்கள் ஊரில் மூன்று பேர் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு இருந்தது. மூவரில் ஒருவன், நீர் சலசலக்கும் ஆற்றங்கரையில் கண்ணீரோடு சம்மதித்த ஓர் இளைஞன். அவனுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. சரபங்காவில் அன்று சொட்டுத் தண்ணீர் இல்லை. என் கண்ணிலும் இல்லை.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இவ்வளவு காலம் கழிந்த பிறகு அந்தக் கடிதத்தை ஒரு படைப்பாக எண்ணிப் பார்க்கிறேன். பையன் பொய் சொல்லவில்லை. அவன் கையாண்ட வகை அவனுக்காகப் பேசிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு தலையசைப்பு வேண்டும் என்று அந்த வகை கேட்கிறது, தலை அசைந்தது, அவன் எழுதினான்.

இந்த வகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1886-ல் அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் மாநிலத்தில் மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில் மாணவர்கள் கூடினார்கள். அவர்களில் 100 பேர் அயல்நாட்டு ஊழியத்துக்குப் போகச் சித்தமாயிருப்பதாக உறுதி எடுத்துக்கொண்டார்கள். மாணவர் தொண்டர் இயக்கம் அங்கேதான் பிறந்தது. தங்கள் தலைமுறை முடிவதற்குள் உலகம் முழுவதற்கும் நற்செய்தி போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அதன் லட்சியம். அந்த 100 பேரில் ஒருவர் ஜான் ஆர். மோட். 1895-ல் புறப்பட்டு 1897 வரை அவர் உலகைச் சுற்றினார். இந்தியாவுக்கும் வந்து மாணவர் மாநாடுகள் நடத்தினார். ஊர் திரும்பியதும் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொல்வதானால் 'உலக வெற்றிக்குரிய போர்முனைகள்' என்று சொல்ல வேண்டும். போர்முனைகள் என்று அவர் குறிப்பிட்டது கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும்தான்.

மோட் கெட்ட மனிதர் அல்லர். 1946-ல் சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் ஒரு நாவலாசிரியனுக்குத் தலைப்பு முக்கியம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அது பாத்திரங்களுக்கு வேஷம் போட்டுவிடுகிறது. கல்லூரி போர்முனை என்றால் மாணவன் என்ன? பிடிபட வேண்டிய கோட்டை. கோட்டைக்கு வாய் கிடையாது. விழுந்ததா, விழவில்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. ஓமலூரில் நான் விழுந்த கோட்டை.

மோட்டின் நண்பர் ஷெர்வுட் எட்டியின் கதை வேறு. 1896-ல், 25 வயதில், மாணவர்களிடையே வேலை செய்ய ஒய்.எம்.சி.ஏ.யின் சார்பில் இந்தியாவுக்கு வந்தார். அவரும் இளைஞர், அமெரிக்கர், அதே லட்சியத்தால் உந்தப்பட்டவர். ஆனால் ஒரு வாரத்தில் திரும்பவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் இந்தியாவில் தங்கினார், தமிழ் கற்றுக்கொண்டார். எல்லாவற்றையும்விட, அவருக்கு இங்கே ஒரு சிநேகிதர் கிடைத்தார்: வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாநாட்டை நடத்தியவர் அதே மோட். அந்த மேடையில் அசரியா எழுந்து பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. பொருளைக் கொடுத்தார்கள், உடலை வருத்தினார்கள், எல்லாம் உண்மை. ஆனால் இந்தியனை வீட்டுக்கு அழைத்துச் சமமாக மேஜையில் உட்கார்த்தி வைக்க எத்தனை பேருக்கு மனம் வந்தது என்று கேட்டார். முடிவில் அவர் வேண்டியது ஒன்றுதான்: எங்களுக்குச் சிநேகிதர்களைக் கொடுங்கள் என்றார். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். கோட்டை வாய் திறந்து பேசினால் முகம் சுளிக்கத்தானே செய்வார்கள்? 1912-ல் அசரியா தோர்ணகல்லுக்கு பிஷப்பானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர். என்னைக் கேட்டால், எடின்பரோவில் அவர் பேசிய அந்தச் சில நிமிஷங்கள்தான் ஊழியக் கடிதம் என்ற இலக்கிய வகையின் மீது எழுந்த முதல்தரமான விமரிசனம்.

அந்த விமரிசனத்துக்குப் பதில் சொன்னது போன்ற ஒரு புத்தகம் 1925-ல் வந்தது: ஸ்டான்லி ஜோன்ஸ் எழுதிய 'இந்தியச் சாலையில் கிறிஸ்து'. ஜோன்ஸும் அமெரிக்கர், 1907-ல் இந்தியாவுக்கு வந்தவர். இடையில் உடலும் மனமும் தளர்ந்து போனவர். படித்த இந்தியர்களோடு அவர் நடத்திய வட்டமேஜைக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தத்தம் மதம் தம் வாழ்வில் என்ன செய்திருக்கிறது என்று பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். இந்தியாவில் கிறிஸ்தவம் அந்நியமாக நில்லாதிருக்க என்ன செய்யலாம் என்று அவர் காந்தியடிகளிடமே கேட்டார். கிறிஸ்தவர்கள் முதலில் கிறிஸ்துவைப் போல வாழட்டும் என்று தொடங்கிக் காந்தி சொன்ன யோசனைகளையும் அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. முடிவை முன்கூட்டியே அறிந்தவரின் நிதானம் அதில் இருக்கிறது. மேஜை வட்டமானாலும் அதைச் செய்த தச்சர் ஜோன்ஸ்தான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் மற்றவன் பேசுகிறான். முடியாது என்று சொல்ல அவனுக்கு இடம் இருக்கிறது.

என் அளவுகோலை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவனுடைய மதம் எனக்கு விஷயமல்ல. அவன் எத்தனை நாள் தங்கினான் என்பதும் தனியாக விஷயமல்ல. அவன் எழுதிய பக்கத்தில் எதிராளி தன் சொந்தக் குரலில் ஒரு வாக்கியமாவது பேசுகிறானா? அந்த வாக்கியம் எழுதியவனுக்கு எதிர்பாராததாக இருக்கிறதா? இருந்தால் அது இலக்கியம். இல்லையென்றால் கணக்குப் புத்தகம்.

நாட்கள் தேவைப்படுவது இதற்காகத்தான். எங்கள் சேலம் சீமைக்கு 1623-ல் வந்த ராபர்ட் டி நொபிலி, அதற்கு முன் மதுரையில் பல ஆண்டுகள் இருந்து தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி மைரன் வின்ஸ்லோ, தமக்கு முன்னால் பிறர் தொடங்கிய வேலையையும் சேர்த்து முடித்து, 1862-ல் சென்னையில் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதியில் 67,000 சொற்கள். 'ஆகட்டும்' என்ற ஒரு சொல்லின் உட்பொருள் தெரிவதற்கே எத்தனை வீட்டுத் திண்ணைகளில் உட்கார வேண்டும்! தாய்லாந்திலும் இதே கதைதான். டான் பீச் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1835-ல் பாங்காக் போய், 1873-ல் அங்கேயே இறந்தார். அம்மைத் தடுப்பைப் பரப்பினார். சயாம் மொழியில் முதல் செய்தித்தாளை 1844-ல் நடத்தினார். மதம் மாறியவர்கள் என்று எண்ணினால் மிகச் சொற்பம். இன்றைக்கும் அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். தலைகளை எண்ணுகிற கடிதத்தில் பிராட்லிக்கு இடம் கிடைத்திருக்காது. சயாமின் சரித்திரத்தில் கிடைத்திருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு என்னுடைய கணக்கையும் ஒப்புவிக்க வேண்டும். என் ஆரம்ப கால நாவல் ஒன்று ஒரு மலைக் கிராமத்தைப் பற்றியது. ஓமலூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைதான். அங்கே நான் தங்கியது சரியாக ஒரு வாரம். குறிப்பேட்டில் துன்பங்களை எண்ணி எழுதிக்கொண்டு இறங்கினேன். புத்தகத்தைப் பாராட்டினார்கள். சில வருஷங்களுக்குப் பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் சந்தையில் என்னைக் கண்டு, மரியாதையாக ஒதுங்கி நின்று கேட்டார்: "கதை படிச்சேனுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா, எங்க ஊர்ல ஒருத்தருமே சிரிக்கமாட்டோமுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. தலையை அசைத்தேன்.

அந்தப் பையனின் கடிதத்தில் விட்டுப்போன ஒரு விஷயம் உண்டு. முகாமின் நாலாம் நாள் அவனை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தோம். அம்மா களியும் கீரைக் கடைசலும் போட்டாள். அவன் களியை மென்று மென்று திண்டாடினான். "மெல்லாதே கண்ணு, அப்படியே முழுங்கணும்" என்று அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். பிறகு அம்மா கேட்டாள்: "உங்கம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தியா கண்ணு?"

ஆசிரியர் மொழிபெயர்த்தார். பையன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். இந்தப் பயணம் தன் தாய்க்குப் பிடிக்கவில்லை என்றும், சண்டையாகிப் பேசாமலே கிளம்பிவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னான். கண் கலங்கிவிட்டது. அம்மா மோர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஊருக்குப் போனதும் மொதல்ல அவங்களப் போயிப் பாரு. மத்ததெல்லாம் அப்புறம்."

அவன் தலையசைத்தான்.

அந்த ஒரு வாரத்தில் ஓமலூரில் மெய்யாகத் தலையசைத்தவன் அவன் ஒருவன்தான். கண்ணீரும் அவனுடையதுதான், கடிதத்தில் அதை எனக்குக் கொடுத்துவிட்டான். அந்தக் கடிதத்தின் மேல் எனக்கு உள்ள குறை இவ்வளவே. எழுதத் தகுந்தது ஒன்று அவனுக்கே நடந்தது. அதை எழுதியிருந்தால், ஒரு வாரமே போதுமானதாக இருந்திருக்கும்.