திண்ணைக்கு வந்த லெ குவின்

போன வாரம் பழைய பதிவுகளை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தபோது 2010-ல் எழுதிய ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. உர்சுலா கே. லெ குவின் தன் இணையதளத்தில் வலைப்பதிவு எழுத ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அவசர அவசரமாகத் தட்டியது. ஏழு ஆச்சரியக்குறிகள் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். ‘வாங்கம்மா, வாங்க’ என்கிற ரகம். எர்த்ஸீ உலகம் எப்படிப் பிறந்தது, ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ எழுதும்போது மனதில் என்ன ஓடியது, இதையெல்லாம் இனி அவரே நேரடியாகச் சொல்லப்போகிறார் என்று ஆசை ஆசையாக எழுதியிருக்கிறேன்.

அவர் என்ன எழுதினார் தெரியுமா? வேகவைத்த முட்டையை எப்படிச் சாப்பிடுவது என்று எழுதினார். பூனையைப் பற்றி எழுதினார். நிறைய எழுதினார், பூனையைப் பற்றி.

அப்போது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் படிப்பதையே விட்டுவிட்டேன். 2017 டிசம்பரில் அந்தப் பதிவுகளில் ஒரு பகுதி ‘நோ டைம் டு ஸ்பேர்’ என்று புத்தகமாக வந்தது. அடுத்த மாதமே, 2018 ஜனவரி 22-ல், அவர் காலமானார். அந்த வருஷமே புத்தகத்துக்கு ஹ்யூகோ விருதும் கிடைத்தது. விருதைக் கேள்விப்பட்டுத்தான் வாங்கினேன், அதையும் படிக்காமல் வைத்திருந்தேன். இப்போதுதான் முழுசாகப் படித்து முடித்தேன். என்னுடைய அந்த வரவேற்புக் குறிப்பு எவ்வளவு தப்பானது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அவர் ஏன் வந்தார் என்பதைப் பார்க்கலாம். லெ குவினுக்கு ‘ப்ளாக்’ என்கிற வார்த்தையே பிடிக்காது. சேற்றில் ஊறிக் கிடக்கிற மரக்கட்டை மாதிரி ஒலிக்கிறது, மூக்கடைப்பு மாதிரி இருக்கிறது என்றெல்லாம் கிண்டல் செய்திருக்கிறார். (நம்மாட்கள் அதற்கு வலைப்பூ என்று பெயர் வைத்ததை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.) படிக்கிறவர்களோடு மாற்றி மாற்றிப் பேச வேண்டியிருக்குமே என்கிற தயக்கமும் இருந்தது. அந்த மனுஷியை மாற்றியவர் ஜோஸே சரமாகோ. நோபல் வாங்கிய போர்த்துகீசிய நாவலாசிரியர், 2008 செப்டம்பரில், 86 வயது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வலைப்பதிவு தொடங்கினார். ஒரு வருஷம் போல எழுதினார். 2010 ஜூனில் இறந்தார். அவருடைய பதிவுகள் அதே வருஷம் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. அதைப் படித்துவிட்டுத்தான், ஓஹோ, இதை இப்படியும் செய்யலாமா என்று 81 வயதை எட்டும் தறுவாயில் லெ குவின் தொடங்கினார்.

ஆனால் இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சரமாகோ அடிப்படையில் பத்திரிகைக்காரர். 1975-ல் லிஸ்பனில் ஒரு நாளிதழின் துணை இயக்குநர் பதவியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகுதான் முழுநேர நாவலாசிரியர் ஆனார். அவருக்கு வலைப்பதிவு என்பது முப்பது வருஷம் கழித்து பத்தி எழுத்துக்குத் திரும்புவது. அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே புஷ்ஷையும் பெர்லுஸ்கோனியையும் பிடித்து வாங்குகிறார். இத்தாலியில் அவர் நூல்களை வெளியிட்டுவந்த எய்னாவ்டி பதிப்பகம் பெர்லுஸ்கோனி குடும்பத்தின் கையில் இருந்தது. பெர்லுஸ்கோனியைத் திட்டுகிற இந்தப் புத்தகத்தைப் போட அது மறுத்துவிட்டது. வேறொரு பதிப்பகம் போட்டது. தைரியசாலி, சந்தேகமில்லை. ஆனால் இன்றைக்குப் படித்தால் பாதிப் பதிவுகள் பழைய செய்தித்தாள் வாசனை அடிக்கின்றன. கோபம் நிஜம், விஷயம்தான் ஆறிப்போய்விட்டது.

லெ குவினிடமும் அரசியல் பதிவுகள் உண்டு, புத்தகத்தின் பலவீனமான பகுதி அவைதான் என்பேன். ஒபாமா காலத்து அமெரிக்காவின் சலிப்பு. நியாயமான சலிப்புதான், ஆனால் அதை எழுத லெ குவின் தேவையில்லை. பொருளாதார ‘வளர்ச்சி’ என்கிற உருவகத்தை எடுத்துப் பிரிக்கிற ஒரு கட்டுரை மட்டும் விதிவிலக்கு. வளர்கிற எதற்கும் ஒரு அளவு உண்டு, அளவில்லாமல் வளர்வது நோய்தான் என்று சொல்லின் வழியாகவே உள்ளே போகிறார். அங்கே பேசுவது கருத்து சொல்கிறவர் இல்லை, எழுத்தாளர்.

சரி, முட்டைக்கு வருவோம். நம்ம ஊர் ஹாஃப் பாயில் இல்லை இது. ஓட்டோடு சில நிமிஷம் மட்டும் வேகவைத்து, அதற்கென்று இருக்கிற சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, மேலே உடைத்து, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவது. அந்தக் கிண்ணம் எப்படி இருக்க வேண்டும், கரண்டி எப்படி இருக்க வேண்டும், எந்த முனையை உடைப்பது என்று அவ்வளவு சிரத்தையாக விவரிக்கிறார். முனைச் சண்டை கலிவர் கதையில் ஸ்விஃப்ட் எழுதியது. எங்கள் துறையில் பைட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கு ‘பிக் எண்டியன்’, ‘லிட்டில் எண்டியன்’ என்று பெயர் வந்ததே அங்கிருந்துதான், 1980-ல் டேனி கோஹன் எழுதிய ஒரு குறிப்பின் வழியாக. காலேஜில் அதை உருப்போட்டுப் படித்தவனுக்கு இந்த முட்டைக் கட்டுரை முதல் தடவையே பிடித்திருக்க வேண்டும். ஏன் பிடிக்கவில்லை என்றால், நான் கேட்டது இதுவல்ல. அவ்வளவுதான் காரணம்.

இப்போது படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. லெ குவினின் அப்பா ஆல்ஃப்ரெட் க்ரோபர், அமெரிக்க மானுடவியலின் முன்னோடிகளில் ஒருவர். அம்மா தியோடோரா, தன் இனத்தில் கடைசியாக மிஞ்சிய இஷி என்ற பழங்குடி மனிதரைப் பற்றி 1961-ல் எழுதிய புத்தகம் பிரபலம். அந்த வீட்டில் வளர்ந்தவர் தன் காலைச் சாப்பாட்டையே ஒரு அந்நிய இனத்தின் சடங்கு மாதிரி பார்க்கிறார். எர்த்ஸீயில் ஒரு தீவின் பழக்கவழக்கங்களைக் கவனித்த அதே கண். நான் எந்த ரகசியத்தைக் கேட்டேனோ அதை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். எனக்குத்தான் புரியவில்லை.

பூனைக் கதைகளும் அப்படியே. பார்ட் என்கிற கறுப்பு வெள்ளைப் பூனை. லெ குவின் தன் மேக் கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுக்கிற ‘டைம் மெஷின்’ பெட்டி கதகதப்பாக இருக்குமாம், பூனை அதைக் கட்டிக்கொண்டு தூங்குமாம். டைம் மெஷின் என்ற பெயரை வைத்துக்கொண்டு பூனை எந்தக் காலத்துக்குப் போய் வருகிறதோ என்று கற்பனையை ஓட்டுகிறார். நாலு பத்தியில் ஒரு அறிவியல் புனைகதை, செலவே இல்லாமல். சில பூனைப் பதிவுகள் வெறும் செல்லம் கொஞ்சல்தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. பதிவுகளைப் புத்தகமாக்கியவர்கள் ஒன்றிரண்டைக் கழித்திருக்கலாம்.

புத்தகத்தின் உயிர் வயசானதைப் பற்றிய கட்டுரைகளில் இருக்கிறது. 1951-ல் படித்து முடித்தவர்களின் அறுபதாம் ஆண்டு ஒன்றுகூடலுக்காக ஹார்வர்ட் ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறது. ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி, கோல்ஃபில் ஆரம்பித்து ஒரு பட்டியல். ஓவியம், எழுத்து, புகைப்படம் எல்லாம் ஒரே கட்டத்தில். ஆயுள் முழுக்கச் செய்த வேலை பொழுதுபோக்குக் கட்டத்துக்குள் கிடக்கிறது. அதைவிட, ஓய்வு நேரம் என்றால் என்ன என்ற கேள்வியில் அவர் மாட்டிக்கொள்கிறார். வேலை நேரம் என்று ஒன்று இருந்தால்தானே ஓய்வு நேரம்? அடுத்த வாரம் 81, எனக்கு ஏது உபரி நேரம் என்று முடிக்கிறார். போன வருஷம் ரிடையரான எங்கப்பாவிடம் ‘ஃப்ரீயாத்தானே இருக்கீங்க’ என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

மனசுக்கு வயசில்லை என்று ஆறுதல் சொல்கிறவர்களையும் அவர் விடுவதில்லை. என் வயதை இல்லை என்று சொன்னால் என்னையே இல்லை என்று சொல்வதாகும் என்பது அவர் கட்சி. நான் இதை நாவல்களில் எதிர்பார்ப்பேன், வலைப்பதிவில் எதிர்பார்க்கவில்லை.

பிடித்த எழுத்தாளரை வரவேற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2005-லிருந்து லைவ்ஜர்னலில் ‘நாட் எ ப்ளாக்’ என்று எழுதிவந்தார். ஃபுட்பால் பற்றி எழுதினால்கூட, இதை எழுத நேரம் இருக்கிறதா, அடுத்த பாகம் எங்கே என்று சிலர் விரட்டினார்கள். மாலை போட்டு அழைத்துவந்தவர்களே கடன்காரர்கள் மாதிரி வாசலில் நின்றார்கள். என் 2010 குறிப்பிலும் அந்தக் கடன்காரன் குரல்தான் கேட்கிறது, மரியாதையான தமிழில்.

லெ குவின் இதற்குச் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. திண்ணையில் வந்து உட்கார்ந்தார், கதவைத் திறந்து போடவில்லை. ஆனால் 2015-ல் புக் வியூ கஃபே என்ற எழுத்தாளர் கூட்டுறவுத் தளத்தில், கதை எழுதுகிறவர்களின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்ல முன்வந்தார். தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசுவார், கொண்டாட வந்தால் பூனையைக் காட்டுவார்.

புதிதாகப் படிக்கிறவர்கள் வரிசையாகப் போக வேண்டாம். முட்டையில் ஆரம்பியுங்கள், பிறகு ஹார்வர்ட் கேள்வித்தாள், பிறகு பார்ட். அரசியலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். என் பழைய குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆச்சரியக்குறிகளில் ஆறை மட்டும் எடுத்துவிட்டேன்.