பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை எடைபோடுதல்
ஃபெண்டர் நிறுவனம் 1963இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியிட்ட கறுப்பு முகப்பு டீலக்ஸ் ரிவெர்ப், கிட்டார்க்காரர்கள் இன்றும் தேடி வாங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர். வெளியீட்டுப் பகுதியில் இரண்டு 6வி6 வால்வுகள், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 22 வாட் திறன். மெல்ல மீட்டினால் மணிபோன்ற தெளிவு. ஒலியைக் கூட்டி அழுத்தி மீட்டினால் ஓரங்கள் கரகரத்து, உச்சத்தில் பாடும் குரல்போல் நாதம் தடிக்கும். விரலின் அழுத்தத்துக்கு இப்படி உடனுக்குடன் இசைவதுதான் இதன் பேரழகு.

வாங்குமுன் வயதை அறிய, குமிழ்களின் பின்னுள்ள பொட்டென்ஷியோமீட்டரைப் பார்க்க வேண்டும். அதில் பொறித்த எண் 1376512 என்றிருந்தால், 137 தயாரிப்பாளரான சிடிஎஸ், 65 என்பது 1965ஆம் ஆண்டு, 12 என்பது அவ்வாண்டின் 12ஆம் வாரம். இது பாகத்தின் வயதுதான். ஆம்ப்ளிஃபயர் சில மாதம் பிந்தியதாகலாம்.

டிரான்ஸ்ஃபார்மர்கள் அசலாக இருந்தால் மதிப்பு கூடும். வால்வுகளோ தேயும் பொருள், மாற்றியிருந்தால் குறையில்லை. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் அப்படியே: அரை நூற்றாண்டில் உலர்ந்துபோய், விடாத ரீங்காரம் எழுப்பும். அவற்றை மாற்றுவது பராமரிப்பு, சிதைப்பு அன்று. பழைய இருமுனை பிளக்குக்குப் பதிலாக எர்த் உள்ள மும்முனை பிளக் இருப்பதும் வரவேற்கத்தக்கதே. பெட்டியைத் திறப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

பிறகு காதின் வேலை. அரை மணி நேரம் சூடேறவிட்டு, ஒவ்வொரு குமிழையும் திருப்பிக் கேட்க வேண்டும். முன்பகுதி வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்தால், அந்த வால்வை மாற்றியாக வேண்டும்.