ஃபெயிலாக முடிந்தவள்

"இவளுக்கு ஃபெயிலாக முடியுது மேடம். எங்களுக்கு அதுக்கு வழியில்ல."

ஓர் அனிமே தொடரின் நாயகியைப் பற்றி என் மாணவி ஒருத்தி சொன்னது இது. சிவகாசிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வருகிறவள். அவளுடைய அம்மா பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுகிறார். (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். நாள் முழுக்கத் தரையில் குந்தியிருக்கும் ஆபீஸ்.) அவள் சொன்னதற்காகவே அந்தத் தொடரைப் பார்த்தேன்.

'இத்தாசுரா நா கிஸ்' அதன் பெயர். தாதா கவோரு என்ற பெண் 1990இல் படக்கதையாக எழுதத் தொடங்கியது. 1999இல் அவர் இறந்தபோது கதை முடிந்திருக்கவில்லை. 2008இல் 25 பகுதிகளாக அனிமே வந்தது. நாயகி கொத்தோகோ பள்ளியின் கடைசி வகுப்பான 'எஃப்' பிரிவில் படிக்கிறாள். 'ஏ' பிரிவின் மேதை நவோகி மீது காதல். கடிதம் நீட்டுகிறாள், வேண்டாம் என்று போய்விடுகிறான். பள்ளி முழுக்கச் சிரிக்கிறது. ஒரு சின்ன நிலநடுக்கத்தில் வீடு இடிந்துபோக, அப்பாவின் நண்பர் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். அது நவோகியின் வீடு. அவன் சிறுவயதில் பெண் உடையில் எடுத்த படத்தைக் காட்டி மிரட்டியே அவனைப் பாடம் சொல்லித்தர வைக்கிறாள். அவனுடைய அம்மாவோ மகனை விட்டுவிட்டு இவள் பக்கம் சேர்ந்துகொள்கிறார். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கியபின்தான் மாணவி சொன்னது உறைத்தது. கொத்தோகோவுக்குச் சமையல் வராது, கணக்கு வராது, காதலும் சரியாகச் செய்ய வராது. ஆனாலும் மறுநாள் காலை அவள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். மதிப்பெண் குறைந்ததற்காக யாரும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லை, வேலைக்கு அனுப்பவில்லை. தாயில்லாத பெண்ணை வளர்க்கும் அந்த அப்பா உணவகம் நடத்துகிறார்; மகள் முட்டாள்தனம் செய்ய அவரால் நேரம் கொடுக்க முடிகிறது. ஒரு பெண்ணின் பிடிவாதம் நகைச்சுவையாவதற்கு இத்தனை பேர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதே 2008இன் இறுதியில் தமிழில் இன்னொரு பிடிவாதக்காரி வந்தாள். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலிருந்து சசி இயக்கிய 'பூ' படத்தின் மாரி. பார்வதி நடித்தார், தமிழில் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்பேர் விருது அவருக்குக் கிடைத்தது. மாரி பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவள். மச்சான் தங்கராசு மீது சிறு வயதிலிருந்தே உயிர். பெரியவளானால் என்னவாகப் போகிறாய் என்று வாத்தியார் ஒவ்வொருவரையும் கேட்கும்போது, தங்கராசுக்குப் பொண்டாட்டியாக என்கிறாள். திரையரங்கு சிரித்தது, நானும் சிரித்தேன்.

இப்போது பார்த்தால் அது சிரிக்கிற பதிலாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு அவளிடம் வேறு என்ன பதில் இருந்திருக்கும்? சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று ஒரு செல்லப்பெயர், நேரு வைத்ததாகச் சொல்வார்கள். தாதா கவோரு பெரிய ஜப்பானில் கொத்தோகோவை வரையத் தொடங்கிய அதே 1990இல், சலம் பென்னூர்கர் இங்கே 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தை எடுத்தார். அங்கே காதல் கடிதம் எழுதத் தெரியாமல் திணறும் சிறுமி; இங்கே தீக்குச்சி அடுக்கும் சிறுமிகள். குழந்தை உழைப்புத் தடுப்புச் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1996 ஆனது. இன்று நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பிளஸ் டூவில் தவறிய பெண்ணை ஆபீஸ் வண்டி எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தவறிய பையனுக்கு டுடோரியல் உண்டு.

மாரியின் கதையிலும் கல்லூரிக்குப் போகிறவன் தங்கராசுதான். மாரி ஆபீஸுக்குப் போகிறாள். படம் இதைக் காட்டுகிறது, ஆனால் ஒரு கேள்வியாக்குவதில்லை. அவன் படிப்பு அவனை மேலே கொண்டுபோகிறது, வசதியான வீட்டுப் பெண் வருகிறாள். முறைப்பெண் என்ற உரிமையும் அங்கே செல்லுபடியாகவில்லை. மாரி வேறொருவரை மணக்கிறாள். பிறகு தங்கராசைப் பார்க்கப் போய், அவன் மனைவியோடு நிம்மதியாக இல்லை என்று கண்டு உடைந்து அழுகிறாள். தனக்குக் கிடைக்காததற்காக அழவில்லை, அவன் சந்தோஷமாக இல்லையே என்று அழுகிறாள். அந்த அழுகைக்காகத்தான் நாம் அவளைக் கொண்டாடினோம். எதையும் கேட்காதவரை ஒரு பெண் எவ்வளவு வேண்டுமானாலும் காதலிக்கலாம் என்பது தமிழ் ரசனைக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்டிருந்தால் மாரி 'பூ' ஆகியிருக்க மாட்டாள், வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

கேட்டுப் பெற்றவள் ஒருத்தி இதே மாவட்டத்தில் இருந்தாள், ஸ்ரீவில்லிபுத்தூரில். மாப்பிள்ளை பெருமாளாக இருந்ததால் ஊர் ஒத்துக்கொண்டது. அவளும் திருவரங்கத்தில் மறைந்துபோனாள் என்றுதான் கதை.

கொத்தோகோ ஜெயித்துவிட்டாள் என்று நான் சொல்லவரவில்லை. நவோகி வருடக்கணக்கில் காட்டும் அலட்சியத்தை அந்தத் தொடர் ஆண்மையின் அழகாகவே வரைகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் மருத்துவம் படிக்க, கூட நிற்பதற்காக இவள் நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். வாத்தியாரின் கேள்விக்கு அவளுடைய பதிலும் மாரியின் பதில்தான். ஆனால் அந்தப் பதிலைத் தேடிப் போகிற வழியில் அவளுக்கு ஒரு தொழில் கைக்கு வந்துவிடுகிறது. ஊசி போடத் தெரியாமல் தடுமாறி, திட்டு வாங்கி, மறுபடி கற்கிறாள். மருந்து செலுத்துகிற அறையில் மாரிக்கு ஒருமுறைகூடத் தடுமாற அனுமதியில்லை.

மாணவியிடம் 'பூ' பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். அம்மாவோடு டிவியில் பார்த்தாளாம். கடைசிக் காட்சியில் அம்மா அழுதார்களா என்றேன்.

"இல்ல மேடம். 'இவளுக்கு நாளைக்கு லீவு போல'ன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாங்க."