வில்லும் அம்பும் எதற்கு?

சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது. எஞ்சின், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எடுத்தது. இவ்வளவு புதுசுக்கு வைத்த பெயர் ‘அக்னிபான்’, ஏவுதளம் ‘தனுஷ்’. அம்புக்கு வில், பொருத்தம் சரிதான். ஆனால் அக்னி, தனுஷ் இரண்டுமே ஏற்கெனவே நம் ஏவுகணைகளின் பெயர்கள். மயிலாப்பூரில் ராமாயண உபன்யாசம் கேட்டு வளர்ந்த காதுக்கு, பாணம் என்றால் யுத்தம்தான். இதுவோ செயற்கைக்கோளைச் சுமக்கப்போகிற வண்டி. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. என்ற பெயரில் கவிதை இல்லைதான். ஆனா அதோட கடைசி எழுத்து ‘வண்டி’ன்னு உள்ளதைச் சொல்லிடுது. விண்கலம் என்று சொல் கட்டியபோது தமிழ் கப்பலைத்தானே நினைத்தது? பெயர் தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.