தீவுகளை ஆளும் 240

அந்தமானின் ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன்பே வண்டிகள் வரிசை கட்டிவிடும். பயணிகளின் விவரத்தை எழுதிக் கொடுத்த பிறகு, போலீஸ் பாதுகாப்போடு கான்வாய் புறப்படும். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான காட்டுப் பாதை. நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் தின்னக் கொடுக்கக் கூடாது. பாதை முடியும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸும் லாரியும் காரும் பெர்ரியில் ஏறி, எதிர்க்கரையில் பாராடாங் தீவின் நீலாம்பூர் ஜெட்டியில் இறங்கும். அங்கிருந்து சுற்றுலாப் பயணிகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, அலையாத்தி ஓடை வழியே சுண்ணாம்புக் குகைக்குப் படகேறுவார்கள். சேற்று எரிமலையைப் பார்க்க ஜீப் பிடிப்பார்கள்.

இத்தனை ‘கூடாது’களுக்கும் வேர், அந்தமான் நிக்கோபார் தீவுகள் (தொல்குடிகள் பாதுகாப்பு) ஒழுங்குவிதி, 1956. அதை எந்தச் சட்டமன்றமும் இயற்றவில்லை, நாடாளுமன்றமும் இயற்றவில்லை. குடியரசுத் தலைவர் பிறப்பித்தார்.

பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடம் படித்தவர்களுக்கு இது விநோதமாகப் படும். அமெரிக்க அதிபர் அதிகாரம் மிக்கவர், நம் குடியரசுத் தலைவர் கையொப்பமிடுபவர் என்பதுதான் அங்கே கற்றது. ஆனால் அமெரிக்க அதிபருக்குக் கனவிலும் கிடைக்காத ஓர் அதிகாரத்தை இந்திய அரசமைப்பின் 240ஆவது பிரிவு ராஷ்டிரபதி பவனுக்குத் தந்திருக்கிறது. அந்தமான், லட்சத்தீவு போன்ற ஒன்றியப் பகுதிகளின் அமைதிக்கும் முன்னேற்றத்துக்கும் நல்லாட்சிக்கும் அவர் ஒழுங்குவிதி பிறப்பிக்கலாம். அந்தப் பகுதிக்குப் பொருந்தும் நாடாளுமன்றச் சட்டத்தையே அந்த ஒழுங்குவிதி திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். அதற்குச் சட்டத்துக்குரிய முழு வலிமையும் உண்டு. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 74ஆவது பிரிவு சொல்வதால், உண்மையில் இந்தப் பேனா இருப்பது ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் மேசையில்.

இந்த அதிகாரத்துக்கு எல்லை எது என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் நம் பக்கத்திலிருந்துதான். புதுச்சேரி வருமான வரி அதிகாரிக்கு எதிராக டி.எம். கன்னியன் தொடுத்த வழக்கில், ஒன்றியப் பகுதிகளுக்கு நாடாளுமன்றம் எவ்வளவு தூரம் சட்டம் செய்யலாமோ அவ்வளவு தூரம் ஒழுங்குவிதியும் போகலாம் என்று தீர்ப்பாயிற்று.

அவசரச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 123ஆவது பிரிவின் கீழ் வரும் அவசரச் சட்டத்தை இரு அவைகளும் கூடியிருக்கும்போது பிறப்பிக்க முடியாது. அவை கூடியதும் முன்வைத்தாக வேண்டும். கூடிய ஆறு வாரத்தில் அது காலாவதியாகிவிடும். பீகார் ஆளுநர்கள் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைப் பிறப்பித்து, காலாவதியானவற்றுக்குத் திரும்பத் திரும்ப உயிர் கொடுத்தபோது, பேராசிரியர் டி.சி. வாத்வா வழக்குப் போட்டார். அரசமைப்பை ஏமாற்றும் வேலை இது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 240இன் ஒழுங்குவிதிக்கோ காலக்கெடு கிடையாது. அவை கூடியிருந்தாலும் பிறப்பிக்கலாம். முன்வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தப் பிரிவில் இல்லை. புதுச்சேரிக்கு மட்டும் ஒரு தாழ்ப்பாள் உண்டு: சட்டமன்றம் இயங்கும் வரை அங்கே ஒழுங்குவிதி செல்லாது. அந்தமானுக்குச் சட்டமன்றமே இல்லாததால் தாழ்ப்பாளும் இல்லை. தீவுகளின் மக்களவை உறுப்பினரைக்கூட 1967 வரை குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். நிலவருவாய்க்கு 1966 ஒழுங்குவிதி, பஞ்சாயத்துக்கு 1994 ஒழுங்குவிதி, நிக்கோபாரின் பழங்குடி மன்றங்களுக்கு 2009 ஒழுங்குவிதி என்று தீவு வாழ்க்கையின் பாதி இந்தப் பேனாவில் பிறந்ததே.

இது ஜனநாயகக் குறை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முடிக்க விடாமல் தடுப்பவர்கள், கான்வாய் கடக்கும் அந்தக் காட்டில் வாழும் ஜாரவா பழங்குடி மக்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவுக்கூட்டத்தில் இருந்தவர்கள் 3,80,581 பேர். ஜாரவா மக்கள் 380 பேர். ஆயிரத்துக்கு ஒருவர். வங்காளம், தமிழகம், கேரளம், ஆந்திரம், ராஞ்சி என்று பல திசைகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாக்கில் அமையும் சட்டமன்றம், அந்த ஒருவருக்காக, கான்வாய் ஓடும் தன் ஒரே நெடுஞ்சாலையைச் சுருக்கிக்கொள்ளுமா? தீவுகளிலிருந்து மக்களவைக்குப் போனவர்கள் சாலையைத் திறந்தே வைக்கவும், ஜாரவா மக்களைப் ‘பொதுநீரோட்ட’த்துக்குக் கொண்டுவரவும் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் டிக்லிப்பூரிலும் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி, கல்லூரி, சந்தை எல்லாம் அந்தச் சாலையின் மறுமுனையில் இருக்கின்றன. வாக்கு கேட்பவர் அவர்கள் பேச்சைத்தான் பேசுவார்.

பெரும்பான்மையின் கை எட்டாத இடத்தில் ஒரு பேனா இருந்ததால்தான் 1956இல், மறுப்புச் சொல்ல ஆளில்லாமல், பழங்குடிகளின் காடு காப்பகமாக முடிந்தது. அந்நியர் நுழைவது குற்றமாக முடிந்தது. 1997இன் பிற்பகுதியில் ஜாரவா மக்கள் பகலிலேயே காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் தட்டம்மை அவர்களில் பலரைத் தாக்கியது. வெளித்தொடர்பு என்பது அந்தச் சிறு கூட்டத்துக்கு உயிர்ப் பிரச்சினை என்பது அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டியிராத விஷயம். 2004இல் காப்பகம் 1,028 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடவைத்த காணொளியை லண்டன் ‘அப்சர்வர்’ இதழ் வெளியிட்டது. அதே ஆண்டிலேயே ஒழுங்குவிதி திருத்தப்பட்டு, தண்டனை ஏழாண்டுச் சிறை வரை உயர்ந்தது. மசோதா, நிலைக்குழு, இரு அவை விவாதம் என்று போயிருந்தால் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ. வேகமும், வாக்குக் கணக்கிலிருந்து விடுதலையும்தான் 240இன் இரு பலங்கள். அவை சின்னப் பலங்கள் இல்லை.

பலவீனமும் அந்தச் சாலையிலேயே கிடக்கிறது.

காடு காப்பகம் என்று 1956இல் சட்டம் எழுதிய அதே நிர்வாகம், எழுபதுகளில் அந்தக் காட்டின் ஊடே அந்தமான் டிரங்க் ரோட்டைப் போடத் தொடங்கியது. வேலையை நிறுத்த ஜாரவா மக்கள் அம்பெய்தார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை. 2002 மே 7 அன்று, சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, காப்பகத்தின் வழியே செல்லும் சாலைப் பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நீலகிரி கூடலூர்க் காடுகளுக்காகத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் கிளையில் வந்த ஆணை அது. கெடு மூன்று மாதம். சாலை மூடப்படவில்லை. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் அந்தப் பாதையில் போக நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது; பாராடாங்கின் குகைப் படகுகள் கரையில் நின்றன. மார்ச்சில் தடை விலகியது. கான்வாய் பழையபடி ஓடியது.

இங்கே அமெரிக்காவைப் பார்ப்பது பயன் தரும். கொரியப் போரின் நடுவே, 1952 ஏப்ரலில், வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசின் கைக்கு எடுத்தார். நாடாளுமன்றம் தராத அதிகாரத்தை அதிபர் தானே எடுத்துக்கொள்ள முடியாது என்று ஜூன் 2 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். எதிரே இருந்தவர்கள் பண பலம் உள்ள ஆலை முதலாளிகள். பின்னால் இருந்தது அதிபரின் செயலுக்கு ஒப்புதல் தராத காங்கிரஸ். நூற்றிருபது ஆண்டு முன்பு செரோக்கி பழங்குடிகள் வழக்கில் கதை வேறு. அவர்கள் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832இல் அதே நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. தீர்ப்புக்குப் பின்னால் நிற்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனும் தயாராக இல்லை, காங்கிரஸும் தயாராக இல்லை. 1838இல் செரோக்கிகள் ராணுவக் காவலில் மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அரசமைப்பு அதேதான், நீதிமன்றமும் அதேதான். தீர்ப்பை வற்புறுத்த இன்னொரு கை இருந்ததா என்பதில்தான் வித்தியாசம். அந்தமானில் விதி எழுதுவதும், சாலை போடுவதும், கான்வாய் நடத்துவதும், நீதிமன்றத்தில் பதில் மனு போடுவதும் ஒரே நிர்வாகம். 2002 ஆணை செரோக்கித் தீர்ப்பின் வழியில் போனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

நீதிமன்றம் வென்ற இடமும் உண்டு. அது இன்னும் சிக்கலானது. 2007இல் காப்பகத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை இடைவளையம் ஒன்றை நிர்வாகம் அறிவித்தது. வளையத்துக்குள் சிக்கிய ஒரு சுற்றுலா விடுதி நிறுவனம் வழக்குப் போட்டது. அப்படி ஒரு வளையம் போட 1956 ஒழுங்குவிதி அதிகாரம் தரவில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. நல்ல நோக்கத்துக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்ற கொள்கைக்கு அது வெற்றி. அடுத்து நடந்தது என்ன? இல்லாத அதிகாரத்தை 2012 திருத்த ஒழுங்குவிதி உண்டாக்கிக் கொடுத்தது. ட்ரூமனுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தால் அவர் காங்கிரஸிடம்தான் போய்க் கேட்க வேண்டும். இங்கே நிர்வாகம் தன்னிடமே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இம்முறை பயனடைந்தது காடு. அடுத்த முறை?

அடுத்த முறை கிரேட் நிக்கோபாரில் வந்துவிட்டது. துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கொண்ட பெருந்திட்டத்துக்குக் குறிக்கப்பட்ட சுமார் 166 சதுர கிலோமீட்டரில், 84 சதுர கிலோமீட்டருக்கு மேல் பழங்குடிக் காப்பக நிலம். காப்பகத்தை அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அதை நீக்கும் அதிகாரமும் அவரிடமே என்பதுதான் 1956 ஒழுங்குவிதியின் அமைப்பு. 2022 ஆகஸ்டில் தடையில்லை என்று கையெழுத்திட்ட உள்ளூர்ப் பழங்குடி மன்றம், முழு விவரம் சொல்லப்படவில்லை என்று நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த மறுப்பைக் கட்டாயம் எடைபோட வேண்டிய சபை எதுவும் இந்த ஏற்பாட்டில் இல்லை. 2021இல் லட்சத்தீவில் வளர்ச்சி ஆணைய வரைவு ஒழுங்குவிதி வந்தபோது தீவு மக்கள் வீட்டு வாசலில் பதாகை பிடித்தார்கள். கேரள சட்டமன்றம் அவர்களுக்காக ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தங்கள் சட்டம் பற்றிப் பேச, பக்கத்து மாநிலத்தின் சபையை நம்ப வேண்டியிருந்தது.

அந்தமானுக்கும் ஒரு சட்டமன்றம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? பசிபிக் கடலில் குவாம் தீவை 1898 முதல் அமெரிக்கக் கடற்படை ஆளுநர்கள் ஆண்டார்கள். 1950இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி, தீவுக்குச் சட்டமன்றத்தையும் குடியுரிமையையும் தந்தது. குவாமில் கேட்டவர்கள் மண்ணின் பூர்வகுடிகளான சமோரோ மக்கள். அந்தமானில் கேட்பவர்கள் குடியேறியவர்கள். மாதிரியை அப்படியே கொண்டுவந்தால் ஆயிரத்துக்கு ஒருவரின் பாடு இன்னும் மோசமாகும்.

நல்ல மாதிரி நம் அரசமைப்பிலேயே, ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணைப் பகுதிகளுக்கு ஆளுநர் ஒழுங்குவிதி செய்யலாம். ஆனால் பழங்குடிகள் ஆலோசனைக் குழு உள்ள மாநிலத்தில் அதைக் கலந்துகொள்ளாமல் செய்ய முடியாது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது செல்லவும் செல்லாது. அந்த அட்டவணைக்குள் அந்தமான் இல்லை. ஆளுநருக்குப் போட்ட கடிவாளத்தைக் குடியரசுத் தலைவருக்குப் போடாமல் விட்டதில் ஒரு காலத்து நம்பிக்கை தெரிகிறது. இன்றைக்கு அதற்கு நியாயம் சொல்வது கடினம். வரைவை முன்கூட்டி வெளியிடுவது, பழங்குடிகளுக்கான தேசிய ஆணையத்தின் கருத்தைப் பெற்று அதையும் சேர்த்தே வெளியிடுவது, அவசரச் சட்டம்போல் நாடாளுமன்றத்தின் முன் வைப்பது, காப்பகத்தைச் சுருக்கும் எந்த அறிவிக்கையும் நாடாளுமன்றத் தீர்மானம் இல்லாமல் செல்லாது என்று ஆக்குவது: இந்த நான்கும் 240இன் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது. விரிப்பதற்கு ஒரு கையெழுத்து, சுருக்குவதற்கு விவாதம் என்ற ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைக்கப்பட வேண்டியது.

இவற்றால் டிரங்க் ரோடு மூடப்பட்டுவிடாது. வடக்கே போகிறவர்களுக்கு நம்பகமான கப்பல் போக்குவரத்து கிடைக்காத வரை எந்த ஆணையும் ஜிர்கடாங் வரிசையைக் கலைக்காது. அதற்கு வேண்டியது பட்ஜெட்டில் பணம். ஆனால் 2002 ஆணை ஏன் நிறைவேறவில்லை என்று உள்துறை அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய ஒரு மன்றமாவது இருக்கும்.