தனிமமும் மூலகமும்: ஆவர்த்தன அட்டவணை வகைப்படுத்துவது எதனை?

வேதியியலின் அடிப்படைக் கலைச்சொல் ஒன்றுக்குத் தமிழில் இரு வடிவங்கள் நிலைபெற்றுள்ளன. தமிழகப் பாடநூல்கள் ‘தனிமம்’ என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் ‘மூலகம்’ என்கின்றன. இதனை வட்டார வழக்கு வேறுபாடாகவோ, தமிழ்ச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடையிலான தேர்வாகவோ கருதி அமைந்துவிடுவது எளிது. ஆயின் இவ்விரு சொற்களும் உணர்த்தும் கருத்து ஒன்றன்று.

1869இல் தம் அட்டவணையை வெளியிட்ட மெண்டலீவ், ‘எளிய பொருள்’ வேறு, அதன் அடியிலுள்ள மூலக்கூறு வேறு எனப் பிரித்துணர்ந்தவர். (இங்கு மூலக்கூறு என்பது அணுக்களின் சேர்க்கையைக் குறிக்கும் இன்றைய கலைச்சொல் அன்று.) கரியும் வைரமும் இருவேறு எளிய பொருள்கள், கார்பனோ ஒன்றே. அட்டவணையின் கட்டத்தில் நிற்பது கரியுமன்று, வைரமுமன்று. சமையல் உப்பில் கத்தியால் வெட்டத்தக்க மென்மையான சோடிய உலோகம் இல்லை. பசுமஞ்சள் நிறக் குளோரின் வாயுவும் இல்லை. எனினும் சோடியமும் குளோரினும் அதில் உள்ளன. இவ்வாறு சேர்மத்திலும் அழியாது நிற்பதையே மெண்டலீவ் வகைப்படுத்தினார். அதற்கு அவர் கொண்ட அடையாளம் அணுநிறை. அது போதாதெனப் பின்னர்த் தெரிந்தது. டெல்லூரியத்தின் அணுநிறை அயோடினுடையதைவிட மிகுதி. பண்பு நோக்கி அவர் டெல்லூரியத்தை முன்வைத்தார். அவ்வைப்பு சரியே என்பதை 1913இல் மோஸ்லியின் ஆய்வு அணு எண்ணைக் கொண்டு நிறுவியது.

‘தனி’ என்னும் அடி பிறவற்றோடு சேராமையை உணர்த்துகிறது. குடுவையில் பிரித்தெடுத்து வைத்த எளிய பொருளுக்கு அது நன்கு பொருந்தும். உப்பினுள் நிற்கும் சோடியத்தையும் ‘தனிமம்’ என்னும்போது சொல் தன் அடியோடு முரண்படுகிறது. ‘மூலகம்’ அம்முரணுக்கு இடந்தருவதில்லை. சொற்பிறப்பு கலைச்சொல்லின் பொருளைத் தீர்மானிப்பதில்லை என மறுக்கலாம்; பிளக்கவியலாதது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்தானே பிளக்கப்பட்ட அணுவுக்கும் மேலைநாடுகளில் பெயராக நிற்கிறது! ஆனால் அவ்வேர் ஆங்கில மாணவருக்குப் புலப்படாதது. ‘தனி’ தமிழ் மாணவர் நாள்தோறும் வழங்கும் சொல்.

அட்டவணையின் பெயரிலும் இச்சிக்கல் உண்டு. ‘தனிம வரிசை அட்டவணை’ என்னும் வழக்கில் வரிசை இருக்கிறது. பண்புகள் மீண்டும் மீண்டும் வருதல் என்னும் விதி விடுபடுகிறது. ‘ஆவர்த்தனம்’ அதனைக் காக்கிறது. ஆயினும் தாளத்தின் ஆவர்த்தனம் சம அளவினது. அட்டவணையின் சுற்றுகளோ 2, 8, 8, 18, 18, 32, 32 என விரிகின்றன.

மெண்டலீவைத் தமிழாக்க முனைபவருக்கு எளிய பொருளைக் குறிக்கத் ‘தனிமம்’, சேர்மத்திலும் நிலைத்திருப்பதைக் குறிக்க ‘மூலகம்’ என இரண்டும் வேண்டும். ஒரு நாட்டுப் பாடநூலின் சொற்பட்டியலை மட்டும் கொண்டு அவருடைய இந்த வேறுபாட்டைத் தொடரால் விளக்கலாமேயன்றிச் சொல்லால் பெயர்க்கவியலாது.