ஜெல் வைத்த பிறகு எவ்வளவு நேரம்?

தலைப்பிரசவத்துக்குக் குறித்த நாள் தாண்டியும் வலி வராத பெண்ணிடம் நம் ஊர் மருத்துவமனைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “நாளைக்கு வந்து அட்மிட் ஆயிடுங்க, ஜெல் வச்சுப் பார்ப்போம்.” எதற்காக, எத்தனை மணி நேரம், பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்றும் அதில் இருக்காது. வீடு திரும்புவதற்குள் குடும்பம் இரண்டு கட்சியாகிவிடும். “சீரகக் கஷாயம் வச்சுக் குடுங்க, வர்ற வலி தானா வரும்” என்பார் பாட்டி. “எதுக்கு ரெண்டு வேதனை? நேரா ஆபரேஷனே பண்ணச் சொல்லிடலாம்” என்பார் சித்தி. இரு கட்சிக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு: ஜெல் வைத்தால் கடைசியில் சிசேரியன்தான்.

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அக்கம்பக்கத்தில் நடந்ததைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் பழி விழும் இடம் தவறு. பிரசவ வலியைத் தூண்ட வைக்கும் ஜெல்லின் மீது குற்றம் குறைவு. அந்த மருந்துக்கு நாம் கொடுக்கும் நேரத்தில்தான் கோளாறு.

ஆய்வுகள் சொல்வது ஊர் நம்பிக்கைக்கு நேர்மாறாக இருக்கிறது. 2018-இல் வெளியான ‘அரைவ்’ என்ற அமெரிக்க ஆய்வில் 41 மருத்துவமனைகளைச் சேர்ந்த 6,100-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் முதல் பிள்ளை. எவருக்கும் பெரிய சிக்கல் இல்லை. ஒரு பாதிப் பேருக்கு 39-ஆம் வாரத்தில் வலியைத் தூண்டினார்கள். மறுபாதிப் பேரைக் காத்திருக்க விட்டார்கள். தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன் ஆனது, காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு முன்னவர்களில் 9.1 சதவீதம், பின்னவர்களில் 14.1 சதவீதம். குழந்தைகளுக்கு நேரும் தீங்கில் மட்டும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஸ்வீடனில், 41 வாரம் முடிந்ததும் தூண்டுவதா, 42 வரை பொறுப்பதா என்று ஒப்பிட்ட ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. பொறுத்திருந்த அணியில் ஆறு சிசுக்கள் இறந்தன. தூண்டிய அணியில் ஒன்றும் இறக்கவில்லை. 2020-இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வும் அதே திசையில்தான் போகிறது: தூண்டிய அணிகளில் 4 சிசு மரணம், காத்திருந்த அணிகளில் 25. மொத்தத்தில் இவை அரிய மரணங்கள். ஒரு சாவைத் தடுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தூண்ட வேண்டியிருக்கும் என்று அதே மதிப்பாய்வு கணக்கிடுகிறது. இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஒன்றை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதும், மற்றதை மட்டும் சொல்லி அலட்சியப்படுத்துவதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள்.

பிரஷர் ஏறியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், வலி வராமல் பனிக்குடம் உடைந்தவர்கள், வயிற்றில் பிள்ளை வளராமல் நின்றவர்கள் விஷயத்தில் விவாதமே இல்லை. காத்திருப்பதுதான் அங்கே ஆபத்து. நாக்பூரில் அரசு மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வை இங்கே நினைக்க வேண்டும். ரத்த அழுத்தம் கூடிய 602 பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு மணிக்கு ஒரு முறை 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கர்ப்பப்பை வாயில் ஃபோலி பலூன் வைத்தார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இயல்வழிப் பிரசவமானவர்கள் மாத்திரை அணியில் 57 சதவீதம், பலூன் அணியில் 47. விலை மலிவான ஒரு மாத்திரை, கூட்டம் நிறைந்த அரசு வார்டில், ஆபத்தான நிலையில் இருந்த பெண்களுக்கே இவ்வளவு செய்திருக்கிறது. (வயிற்றுப்புண்ணுக்காக வந்த மாத்திரை அது. பலூன் குழாயோ சிறுநீர் இறக்குவதற்காக வந்தது. பிரசவ அறை தன் கருவிகளைப் பக்கத்து வார்டுகளில் இருந்து கடன் வாங்கிக்கொண்டது.)

அப்படியானால் நம் வீட்டுப் பாட்டி கண்ட காட்சிக்கு என்ன பொருள்?

தலைச்சன் பிரசவத்தில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. கர்ப்பப்பை வாய் முதலில் இளக வேண்டும். அதன் நார்ப்பிடிப்பு தளர்ந்து, நீளம் குறைந்து, முன்னோக்கித் திரும்ப வேண்டும். அதன் பிறகுதான் சுருக்க வலி அதைத் திறக்க முடியும். தானாக வரும் பிரசவத்தில் முதல் கட்டம் ஒன்பதாம் மாதக் கடைசியில் சத்தமில்லாமல், சூட்டு வலி என்று நாம் கணக்கில் சேர்க்காத நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது. தூண்டும்போது அந்த நாட்களை மணிக்கணக்கில் சுருக்கப் பார்க்கிறோம். ஜெல், மாத்திரை, பலூன் ஆகிய மூன்றும் முதல் கட்டத்துக்கு உரியவை. வலிக்கு ஏற்றும் ஆக்சிடோசின் டிரிப் இரண்டாம் கட்டத்துக்கு உரியது. வாய் இளகாமல் டிரிப்பை ஏற்றினால் பெண்ணுக்கு வலி மட்டும்தான் மிஞ்சும்.

வாய் எவ்வளவு இளகியிருக்கிறது என்று அளக்க மகப்பேறு மருத்துவர் எட்வர்ட் பிஷப் 1964-இல் ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார். திறப்பு, மெலிவு, மென்மை, இருக்கும் திசை, பிள்ளையின் தலை இறங்கிய அளவு என்று ஐந்தையும் தொட்டுப் பார்த்துக் கூட்டினால் அதிகபட்சம் 13 வரும். ஆறும் அதற்குக் கீழும் என்றால் வாய் தயாரில்லை. இன்றும் உலகமெங்கும் இதுதான் அளவுகோல். ஆனால் பிஷப் இதை உருவாக்கியது ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களை வைத்து. முதல் முறை சுமப்பவளுக்கும் அதே கோலைத்தான் நீட்டுகிறோம். மதிப்பெண் எவ்வளவு என்று அவளிடம் சொல்வதும் அபூர்வம்.

நேரக் கணக்குக்கு வருவோம். மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு 1950-களில் மகப்பேறு மருத்துவர் ஃப்ரீட்மன் வரைந்த பிரசவ முன்னேற்றக் கோட்டிலிருந்து வந்தது. 2010-இல் ஜாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்கப் பிரசவப் பதிவுகளைக் கொண்டு அதைத் திருத்தினார்கள். தானாக வலி வந்த தலைப்பிரசவத்திலேயே நான்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அப்படியும் பிரசவம் நல்லபடியாக முடியலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல், ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகே பிரசவ வலி வேகம் பிடித்ததாகக் கொள்ளச் சொன்னது. தூண்டிய பிரசவத்தில் அந்த முன்கட்டம் இன்னும் நீளும். தூண்டுதல் தோற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன், பனிக்குடம் உடைந்த பிறகு குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது ஆக்சிடோசின் ஓடியிருக்க வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் 2014-இலேயே வழிகாட்டின. இளகுவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தால் தலைப்பிரசவத் தூண்டுதல் ஒன்றரை நாள், இரண்டு நாள் காரியம்.

நம் ஊரில் பல இடங்களில் நடப்பது வேறு. சாயங்காலம் ஜெல், விடியற்காலை டிரிப், பத்து மணிக்குப் பனிக்குடத்தை உடைத்தல், மத்தியானம் “வாய் திறக்கல, இதுக்கு மேல வெயிட் பண்ண முடியாது” என்று கையெழுத்து. பிள்ளையின் இதயத் துடிப்பு குறைந்ததால் எடுத்த முடிவென்றால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த முடிவுதான் உயிரைக் காக்கும். துடிப்பு நன்றாக இருக்க, தாய்க்கும் காய்ச்சல் எதுவும் இல்லாதிருக்க, கடிகாரம் மட்டும் காரணமாகிற முடிவுகளைச் சொல்கிறேன். அங்கே மருந்து தோற்கவில்லை; சோதனையே முடிவதற்கு முன் தேர்வுத்தாளைப் பறித்துவிட்டார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 64-ஐத் தொடுகிறது. அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய சராசரியோ 21.5. இதில் எத்தனை, அவசரமாகக் கைவிட்ட தூண்டுதல்கள் என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டுவதில்லை. மொத்த எண்ணைச் சொல்லிக் கவலைப்படும் அரசு, பிரித்துக் கணக்கெடுக்க ஆரம்பித்தால் பாதி விவாதம் அடங்கும்.

‘அரைவ்’ ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு 39-ஆம் வாரத்திலேயே ஜெல் வைக்கும் மருத்துவர்கள் இப்போது இங்கேயும் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஆய்வில் தூண்டப்பட்ட பெண்கள் பிரசவப் பகுதியில் கழித்த நேரம் நடுமட்டமாக 20 மணி. காத்திருந்தவர்கள் 14 மணி. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவ்வளவு நேரம் கட்டிலும், கண்காணிக்க நர்ஸும், தேவைப்பட்டால் வலி குறைக்கும் எபிடியூரல் ஊசியும் இருந்தன. அழைக்கப்பட்டவர்களில் கால்வாசிக்குச் சற்று அதிகமானவர்களே சம்மதித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தூண்டலை விரும்பாதவர்கள் அதில் இல்லை. அந்தப் பொறுமையை இறக்குமதி செய்யாமல் முடிவை மட்டும் இறக்குமதி செய்தால் 18.6 சதவீதம் இங்கே வராது. உலக சுகாதார நிறுவனமும் சிக்கலில்லாத கர்ப்பத்தில் 41 வாரத்துக்கு முன் தூண்டுவதைப் பரிந்துரைக்கவில்லை.

எந்த வாரத்தில் தூண்டுவது என்ற இந்த விவாதம் தமிழர்கள் குடியேறிய நாடுகளில் இன்னொரு வடிவம் எடுத்தது. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் வெள்ளையரைவிட முன்னதாகவே கூடுகிறது என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தரவுகள் காட்டின. மெல்பர்னின் மோனாஷ் மருத்துவமனைகள் அவர்களை 39-ஆம் வாரத்திலிருந்தே கூடுதலாகக் கண்காணிக்கத் தொடங்கின. பிரிட்டனில் 2021 மே மாதம் வெளியான வரைவு வழிகாட்டி ஒரு படி மேலே போய், கறுப்பின, ஆசியப் பெண்களுக்கு 39-ஆம் வாரத்திலேயே தூண்டுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. தோலின் நிறம் நோயாகுமா என்று எதிர்ப்பு கிளம்ப, நவம்பரில் வந்த இறுதி வடிவத்தில் அந்தப் பரிந்துரை இல்லை. மோனாஷ் செய்ததே எனக்குச் சரியாகப் படுகிறது: அபாயம் கூடினால் முதலில் கண்காணிப்பைக் கூட்டு, காரணம் தெரிந்தால் தூண்டு.

வலியைப் பற்றியும் பேச வேண்டும். தானாக வரும் வலி படிப்படியாக ஏறும், உடம்பு பழகிக்கொள்ளும். டிரிப்பில் அந்த ஏற்பாடு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று மூன்று நிமிடத்துக்கு ஒரு வலியில் கிடப்பாள். அளவு மிஞ்சினால் பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்து, பிள்ளைக்கு மூச்சுவிட இடைவெளி கிடைக்காமல் போகும். அப்போது டிரிப்பைக் குறைக்க அல்லது நிறுத்த ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எபிடியூரல் நம் அரசு மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்காது. கிடைப்பது உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கை. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2004-லேயே வந்துவிட்டது. ஆனாலும் “வெளிய இருங்கம்மா” என்ற குரல் ஓயவில்லை. கையை விட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் சொல்லாமல் செய்வதும், அதே கையோடு பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பை வாயிலிருந்து பிரித்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன. வலியைத் தூண்டச் சவ்வைப் பிரிப்பது பயனுள்ள முறைதான். ஆனால் கேட்டுவிட்டுச் செய்ய அரை நிமிடம் போதும்.

மறுபக்கம், எல்லாம் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று போதிப்பவர்களை நான் இதைவிடக் கடுமையாகவே பார்க்கிறேன். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்துகொள்ள முயன்ற இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்தார். விளக்கெண்ணெய் குடித்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம், பிரசவம் நிச்சயமில்லை. சீரகக் கஷாயம் குடிப்பதால் கெடுதல் இல்லை, அவ்வளவே. நல்ல நட்சத்திரத்தில் பிள்ளை பிறக்க வேண்டும் என்று 38-ஆம் வாரத்தில் தேதி கேட்டு வருகிறவர்களைப் பற்றி இங்கே எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

அட்மிஷனுக்கு முன் குடும்பம் தயார்செய்ய வேண்டியது பையும் ஃபிளாஸ்க்கும் மட்டுமல்ல. முதலில் தேதி. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுங்கள். கடைசி மாதவிடாயை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் ஒரு வாரம், பத்து நாள் பிசகியிருக்கலாம், ‘தாண்டிவிட்ட’ நாள் தாண்டாமலே இருக்கலாம். பிறகு காரணம்: எனக்கென்று ஒரு காரணம் இருக்கிறதா, அல்லது எல்லோருக்கும் செய்கிறீர்களா? வாய் எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் கண்காணித்துப் பொறுத்தால் என்ன ஆகும், முதல் ஜெல் பலிக்காவிட்டால் அடுத்தது என்ன, எந்த நிலையில் ஆபரேஷன் என்று முடிவெடுப்பீர்கள், இரவில் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். முந்தின இரவு தூங்கிவிட்டுப் போங்கள். ஆரம்ப மணி நேரங்களில் இட்லியோ கஞ்சியோ சாப்பிடலாமா என்று கேட்டுச் சாப்பிடுங்கள், நடக்க விட்டால் நடங்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் “இன்னும் ஆகலையா” என்று மணிக்கொரு தரம் நர்ஸைக் கேட்காதிருப்பதும் ஒரு உதவி. கத்தியை அவசரமாக எடுக்க வைப்பதில் அந்தக் கேள்விக்கும் பங்குண்டு.

மருத்துவர்களிடம் கேட்பது இதுதான். காரணம் இருந்தால் தயங்காமல் தூண்டுங்கள். ஒன்றரை நாள் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டுத் தூண்டுங்கள். காரணம் இல்லாத தலைப்பிரசவத்தில், இரண்டு இரவு பார்த்துக்கொள்ளக் கட்டிலும் ஆளும் உங்களிடம் இல்லையென்றால், 39-ஆம் வாரத்தில் ஜெல்லை ஃபிரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள்.